மூன்று விலை கேட்ட ஒரு பவர் சா

ஐப்பசி மழை இரண்டு நாள் விட்டிருந்த ஒரு காலையில் கோத்தகிரியில் என் பட்டறை முன்னால் ஒரு ஜீப் வந்து நின்றது. பின்னால் கொழுந்துச் சாக்கில் சுற்றி ஏதோ கிடந்தது. இறங்கி வந்த பெண்ணை எனக்குத் தெரியும். அவருடைய அப்பா பக்கத்து எஸ்டேட் ஒன்றில் ஃபிட்டராக இருந்தவர். போன வருடம்தான் காலமானார். சாக்கைப் பிரித்தால் உள்ளே ஒரு ஸ்டில் 070, மரம் அறுக்கும் பெரிய பவர் சா. செயின் ஓடும் நீளத் தகடான பார் முப்பது இஞ்ச், அதில் துருவேறிய செயின்.

"அண்ணா, இதுக்கு மூணு பேர் மூணு விலை சொல்றாங்க. பழைய இரும்புக் கடையில ரெண்டாயிரத்து இருநூறு. குன்னூர்ல ஒரு புரோக்கர், ஜெர்மன் மிஷின், லட்சத்துக்கு ஆள் இருக்குங்கிறார். மரம் வெட்டுற கான்ட்ராக்டர் ஒருத்தர், ஸ்டார்ட் பண்ணிக் காட்டினா நாப்பதாயிரம் தர்றேங்கிறார். யார் சொல்றது நெசம்?"

மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. இரும்புக் கடைக்காரர் உலோகத்துக்கு விலை சொன்னார், புரோக்கர் பேருக்குச் சொன்னார், கான்ட்ராக்டர் சத்தத்துக்குச் சொன்னார். மிஷினுக்கு யாரும் இன்னும் விலை சொல்லவில்லை. மூன்று நாள் விட்டுப் போங்கள், பிரித்துப் பார்த்து எழுதித் தருகிறேன் என்றேன். அந்த மூன்று நாளில் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டுப் பரணிலும் எஸ்டேட் ஸ்டோரிலும் இப்படி ஒரு பெரிய பழைய சாவை வைத்துக்கொண்டு யோசிப்பவர்கள் நீலகிரியில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலில் பொருள் என்ன என்பது. ஸ்டில் கம்பெனி 1959இல் கான்ட்ரா என்று ஒரு சாவை இறக்கியது. ஒரே ஆள் தூக்கிக்கொண்டு பெரிய மரத்தை அறுக்கலாம் என்று ஆக்கிய மிஷின்களில் அது ஒன்று. அதன் வாரிசாக 1968இல் வந்தது 070. பிஸ்டன் 58 மி.மீ. விட்டம், 40 மி.மீ. ஓட்டம், ஏறக்குறைய 106 சிசி. நம் ஊர் நூறு சிசி பைக்கைவிடப் பெரிய எஞ்சினைக் கையில் பிடித்துக்கொண்டு சரிவில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். இதன் அண்ணன் 090க்கு 137 சிசி. 070 அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் தயாரானது. இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் புரோக்கர் சொன்ன லட்சம் விழுவது இந்த இடத்தில்தான். 070 பழையதுதான், அபூர்வமானது இல்லை. உலகமெங்கும் ஏராளமாக ஓடிய மிஷின். பழசு என்பதற்காக மட்டும் யாரும் லட்சம் தர மாட்டார்கள். அப்படித் தருகிற சேகரிப்பாளர் ஒருவர் வந்தாலும், ஒரு ஸ்க்ரூகூட மாறாத பொருளைத்தான் கேட்பார்.

பக்கத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசில் தொங்கவிட்டு நிறுத்தேன். பெட்ரோல், செயின் ஆயில் நிரப்பி, பார் செயினோடு 14 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். தராசுக்காரர், "இதுல எத்தனை இலை, ரெண்டு இலை ஒரு மொட்டா?" என்று கேட்டுச் சிரித்தார்.

ஸ்டார்ட் செய்யாமல் பிரித்தேன்

வந்தவுடன் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் பண்ணுவதுதான் வழக்கம். கான்ட்ராக்டர் கேட்டதும் அதைத்தான். நான் அதை விட்டுப் பல வருடம் ஆகிறது, அதற்கு ஒரு காரணம் உண்டு.

பத்து வருடத்துக்கு முன் இதே மாடல் ஒன்று என்னிடம் வந்தது. நாலு இழுப்பில் பிடித்துக்கொண்டது. நல்ல சத்தம், நல்ல இழுவை. பெட்ரோல் அளவை வைக்கும் கார்புரேட்டர் ஊசியை இங்கேயே காதால் கேட்டு செட் பண்ணி, நல்ல மிஷின், தாராளமாக வாங்கலாம் என்று சொல்லிவிட்டேன். வாங்கியவர் மேட்டுப்பாளையத்துக்கு எடுத்துப் போனார். இரண்டாம் நாள் மதியம் பிஸ்டன் சீஸ் ஆகி நின்றது. கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் மலையடிவாரம். இங்கே காற்று மெலிசு, அதனால் குறைந்த பெட்ரோலுக்கே எஞ்சின் சரியாக ஓடும். அதே செட்டிங்கோடு கீழே இறங்கினால் காற்று கெட்டி, பெட்ரோல் போதாது, கலவை வறண்டுவிடும். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடுதான் ஆயிலும் போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். அந்த மிஷினில் ஆயில் சீலும் கசிந்துகொண்டிருந்தது என்பது பிறகு பிரித்தபோதுதான் தெரிந்தது. நான் முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். வெட்கத்தில் அந்தச் செத்த மிஷினை நானே திரும்ப வாங்கிக்கொண்டேன். அது இன்னும் என் பரணில் கிடக்கிறது.

சரி, இந்த மிஷினுக்கு வருவோம். முதலில் சைலன்சரைக் கழற்றினேன். அது கழன்றால் புகை போகும் துவாரம் வழியாக பிஸ்டனின் முகம் நேராகத் தெரியும். டார்ச் அடித்து, கயிற்றை மெல்ல இழுத்து பிஸ்டனை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். இந்தப் பக்கம் ஆழமான கோடுகள் இருந்தால் மிஷின் ஒருமுறையாவது வறண்டு ஓடி, சூட்டில் கவ்வியிருக்கிறது என்று பொருள். கார்புரேட்டர் பக்கம் கோடு இருந்தால் காற்று வடிகட்டி கிழிந்து மரத்தூள் உள்ளே போயிருக்கிறது. இதில் இரண்டு பக்கமும் மெல்லிய தேய்மானம் மட்டும்தான். கடைசல் போட்ட வரிகள் பிஸ்டனில் இன்னும் தெரிந்தன. நல்ல சகுனம்.

அடுத்தது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம். பிளக்கைக் கழற்றி கேஜ் மாட்டி, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து, கயிறு இழுப்பதை லேசாக்கும் டீகம்ப்ரஷன் வால்வு மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆறேழு இழுப்பு. 112 பிஎஸ்ஐ. புத்தகத்தைப் பார்த்து நடப்பவர் இந்த எண்ணைக் கண்டதும் ரிங் போச்சு, பாதி விலைதான் என்பார். இணையத்தில் வரும் அளவுகள் எல்லாம் சமவெளி அளவுகள். கோத்தகிரியில் காற்றழுத்தமே கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். சிலிண்டருக்குள் வருவதே மெலிந்த காற்று, அதை அமுக்கினால் அழுத்தமும் குறைவாகத்தான் வரும். கணக்குப் போட்டால் இந்த 112, கீழே இறங்கினால் 140 காட்டியிருக்கும். ஊட்டியில் இன்னும் குறையும். 112இல் இருக்கிற எஞ்சினைச் செத்தது என்று சொல்லி அடிமாட்டு விலைக்கு வாங்கி, கோயம்புத்தூரில் 140 காட்டி விற்ற ஆளை எனக்குத் தெரியும். விற்ற மலைக்காரருக்கு இன்றுவரை அது தெரியாது.

பிஸ்டன் சுழற்றும் தண்டான கிரேங்க்கைப் பார்த்தேன். மேக்னெட் சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினேன். அசைவு இல்லை. பேரிங் திடம். இது முக்கியம், ஏனென்றால் இந்த மாதிரி மிஷினின் உயிர் கிரேங்க்கும், எஞ்சின் கூடான கேஸும்தான். மற்றதெல்லாம் மாற்றிவிடலாம். கேஸ் மக்னீசியக் கலவை. ஈரத்தில் வருடக்கணக்காகக் கிடந்தால் வெள்ளையாகப் பொடி பூத்து உளுத்துப் போகும். கோத்தகிரி மூடுபனியில் கேட்கவே வேண்டாம். பார் மாட்டும் போல்ட்டுகளைச் சுற்றித்தான் விரிசல் முதலில் வரும். இங்கே பிரஷ் போட்டுக் கழுவிப் பார்த்தேன். பூத்திருக்கிறது, விரிசல் இல்லை. அங்கே வெல்டிங் போட்ட அடையாளம் இருந்தால் நான் அத்தோடு மூடி வைத்துவிடுவேன். மக்னீசியம் தீப்பிடிக்கிற உலோகம். தெரியாதவர் வெல்டிங் வைத்த கேஸை நம்பிக் கையில் பிடிக்கக் கூடாது.

கசிவு

அடுத்த சோதனைதான் பத்து வருடத்துக்கு முன் நான் செய்யாமல் விட்டது. கார்புரேட்டர் துவாரத்தையும் சைலன்சர் துவாரத்தையும் ரப்பர் வைத்து அடைத்துவிட்டு, உள்ளே அரை பார், அதாவது ஏழு பிஎஸ்ஐ அளவு, காற்று ஏற்றி கேஜைப் பார்க்க வேண்டும். முள் நிற்க வேண்டும். இதில் இருபது நொடியில் பாதிக்கு இறங்கிவிட்டது. சோப்புத் தண்ணீர் தெளித்தால் கிளட்ச்சுக்குப் பின்னால் குமிழ் குமிழாக வந்தது. அந்தப் பக்கத்து ஆயில் சீல் காய்ந்து கல்லாகிவிட்டது.

இந்தச் சீல் ஒரு சின்ன ரப்பர் வளையம், விலையும் பெரிதில்லை. ஆனால் இதன் வழியாக உள்ளே போகும் காற்று கலவையை வறட்டிவிடும், பிஸ்டனைத் தின்றுவிடும். பிரிக்காமலும் இதைக் கண்டுபிடிக்கலாம். ஐடிலில் ஓடும்போது சாவை மெல்ல ஒரு பக்கம், மறு பக்கம் சாய்த்துப் பாருங்கள். சத்தம் ஏறினால் சந்தேகப்படுங்கள். ஆக்சிலேட்டரை விட்டதும் டக்கென்று இறங்காமல் இழுத்துக்கொண்டே போய் இறங்கினாலும் அதே சந்தேகம்தான். வாங்கப் போகும் இடத்தில் விற்பவர் மிஷினை முன்னாலேயே சூடேற்றி வைத்திருந்தால், ஆறவிட்டுத் திரும்ப இழுக்கச் சொல்லுங்கள். அவர் முகம் மாறினால் விலையையும் மாற்றலாம்.

பெட்ரோல் குழாயைத் தொட்டாலே விரலில் கருப்பு ஒட்டியது. இப்போது பெட்ரோல் பங்க்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பருக்கும் கார்புரேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் சவ்வுக்கும் அது ஒத்துவராது. ஊறி இளகும், இல்லையென்றால் விறைத்து வெடிக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மழைக்காலத்தில் பாதி டேங்க்கோடு மாதக்கணக்கில் வைத்தால் தண்ணீர் கலந்த எத்தனால் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். எடுத்து வைக்கும்போது டேங்க்கைக் காலி பண்ணி, தானே அணையும்வரை ஓடவிட வேண்டும் என்பது பழைய பாடம்தான், இ20க்குப் பிறகு கட்டாயமாகிவிட்டது.

பளபளப்பது எது

அந்தப் பெண் வாசலில் வைத்தே ஒன்று சொல்லியிருந்தார். "மேல் மூடியும் ஸ்டார்ட்டரும் புதுசா இருக்கு பாருங்க அண்ணா. அப்பா கடைசியா மாத்தினது." புரோக்கரும் அதைப் பார்த்துத்தான் லட்சம் என்றாராம். ஸ்டிக்கர் கூடப் பளிச்சென்று இருந்தது.

அந்தப் பளபளப்புதான் போலி. இந்த மாடலுக்குக் காப்பி பாகங்கள் கணக்கில்லாமல் வருகின்றன. முழு மிஷினே காப்பியாகவும் வருகிறது. ஸ்டார்ட்டர் மூடி, ஏர் ஃபில்டர் மூடி, கார்புரேட்டர் மூன்றும் காப்பி. அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறிய சிலிண்டரும் கேஸும் கிரேங்க்கும்தான் அசல். சிலிண்டரின் அடியில் ஜெர்மன் மாலே கம்பெனியின் முத்திரை வார்ப்பிலேயே இருந்தது. உள்ளே துவாரங்களின் ஓரம் மழுங்கச் சீவியிருந்தது. காப்பி சிலிண்டர்களில் பெரும்பாலும் இந்த ஓரம் கத்தி மாதிரி நிற்கும். ரிங் போய் மாட்டி உடையும். 070, 090 இரண்டின் பாக எண்களும் 1106 என்று தொடங்கும். ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்து அசல் என்று முடிவு கட்டாதீர்கள், காப்பி அடிப்பவர் எண்ணையும் சேர்த்தே அடிக்கிறார். வார்ப்பின் நேர்த்தி, துவாரத்தின் ஓரம், ஸ்க்ரூ மரை உட்காரும் இறுக்கம் இவற்றைத்தான் நான் பார்க்கிறேன்.

மூடி காப்பியாக இருந்தால் தொலையட்டும். கார்புரேட்டர் காப்பியாக இருப்பதுதான் விஷயம். அந்தக் காலத்துப் பெரிய சாக்களில் வந்த டில்லோட்சன் எச்.எல். கார்புரேட்டர் பலவற்றில் ஒரு கவர்னர் உண்டு. எஞ்சின் வேகம் அளவு மீறினால் அது தானே திறந்து கூடுதல் பெட்ரோலை விட்டு வேகத்தைப் பிடித்து வைக்கும். இந்தக் காப்பியில் கவர்னரே இல்லை. பளு இல்லாமல் முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால் எஞ்சின் எதுவரை போகும் என்று அதற்கே தெரியாது. இவ்வளவு பெரிய பிஸ்டனுக்கு அது ஆகாது. கவர்னர் உள்ளதைக் காதால் கேட்டு செட் பண்ணுபவருக்கும் ஒரு பொறி இருக்கிறது: உச்ச வேகத்தில் அது எப்போதுமே கொழகொழவென்று பெட்ரோல் அதிகமான சத்தம் கொடுக்கும். சரி, குறைப்போம் என்று ஊசியைத் திருகிக்கொண்டே போனால் பளுவில் வறண்டுவிடும்.

பரணில் கிடந்த அந்தப் பழைய பாவத்தை இறக்கினேன். அதன் பிஸ்டன்தான் போயிருந்தது. டில்லோட்சன் கார்புரேட்டரும் ஸ்டார்ட்டர் மூடியும் அசல், நன்றாகவே இருந்தன.

விரல்

மூன்றாம் நாள் அந்தப் பெண்ணும் வந்தார், கான்ட்ராக்டரும் வந்தார். சீல், குழாய், டயாஃப்ரம் மாற்றி, பரணிலிருந்து எடுத்த கார்புரேட்டரையும் ஸ்டார்ட்டர் மூடியையும் மாட்டி, பிளக்குக்குத் தீப்பொறி தரும் பாயிண்ட்டைச் சுத்தம் பண்ணி வைத்திருந்தேன். தரையில் வைத்து, பின் கைப்பிடியில் காலை ஊன்றி, டீகம்ப்ரஷனை அமுக்கி மூன்றாவது இழுப்பில் பிடித்தது. அந்த இடி மாதிரி மெதுவான சத்தம் கேட்டதும் கான்ட்ராக்டர் முகம் மலர்ந்துவிட்டது. டேக்கோமீட்டரில் பளுவோடு 7,000 சுற்று. ஏழு பல் ஸ்ப்ராக்கெட், 0.404 செயின், நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் செயின் ஓடுகிறது. பட்டறைப் பின்னால் கிடந்த சைப்ரஸ் கட்டையில் விட்டபோது வெண்ணெயில் போகிற மாதிரி போனது.

"அப்புறம் என்னண்ணே, நாப்பதைக் குடுத்து எடுத்துட்டுப் போறேன். சீகைக் காட்டு வேலை ஒண்ணு இருக்கு, அதுக்குள்ள பெரிய கற்பூர மரமும் இருக்கு."

அணைத்துவிட்டு, முன் கைப்பிடிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று காட்டச் சொன்னேன். ஒன்றும் இல்லை. செயின் பிரேக் சாக்களில் பரவலானது 1970களில். இது அதற்கு முந்தைய வடிவம். பாரின் மூக்கு மேல்பாதி கட்டையில் இடித்தால் சா மேலே எகிறி முகத்துக்கோ கழுத்துக்கோ வரும். அதுதான் கிக் பேக். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். இன்றைய மிஷினில் அந்த உதைப்பிலேயே பிரேக் விழுந்து செயின் நிற்கும். இதில் செயின் நிற்காது. அறுந்த செயினைப் பிடிக்கும் கொக்கி இல்லை. ஆக்சிலேட்டர் பூட்டு இல்லை. ஸ்டாப் சுவிட்ச் ஒயர் அறுந்து கிடந்தது, அதை நான்தான் சேர்த்தேன். அதுவரை சோக்கை இழுத்துத்தான் அணைத்திருக்கிறார்கள். சைலன்சரில் தீப்பொறித் தடுப்பு வலையும் இல்லை. மாசி பங்குனியில் காய்ந்த புல்லில் இதை வைத்து வேலை செய்தால் வனத்துறை வருவதற்குள் தீ வந்துவிடும்.

"கனமான சா எகிறாதுண்ணே. லேசான மிஷின்தான் துள்ளும்" என்றார். அதில் பாதி உண்மை உண்டு. கனம் உதைப்பை மட்டுப்படுத்தும். ஆனால் மட்டுப்பட்டு வந்தாலும் வருவது 14 கிலோ. சரிவில், சேற்றில், ஒரு காலை மேலேயும் ஒரு காலைக் கீழேயும் வைத்து நிற்கிற ஆள் அதை எப்படிப் பிடிப்பான்? முன்னால் ஒரு கம்பியை வெல்டிங் வைத்துக்கொள்கிறேன் என்று அடுத்து சொன்னார். கம்பி கைக்குத் தடுப்பு, அவ்வளவுதான், செயினை நிறுத்தாது. பிரேக் என்பது கிளட்ச் டிரம்மைக் கவ்வும் பட்டை. அதற்கு இந்த கேஸில் இடமே இல்லை.

"எங்க அப்பா காலத்துல இதை வெச்சுத்தானே அத்தனை மரமும் வெட்டினாங்க? யாருக்கு என்ன ஆச்சு?"

நான் பதில் சொல்லுமுன் அந்தப் பெண் சொன்னார். "எங்கப்பாவுக்கு மார்கழி ஆனா காலையில ரெண்டு விரல் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாப் போயிடும். டீ டம்ளரைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருப்பார். சட்டைப் பொத்தான் போட முடியாது. பனின்னு நினைச்சோம்."

பனி மட்டும் இல்லை. கைப்பிடி நேராக எஞ்சின் கேஸில் முறுக்கப்பட்டிருக்கிற இந்த மாதிரி மிஷினில் ஒவ்வொரு வெடிப்பும் விரலுக்குப் போகும். வருடக்கணக்கில் அது விரலின் சிறு இரத்தக் குழாய்களையும் நரம்பையும் கெடுக்கும். பிறகு குளிர் பட்டாலே விரல் வெளுத்து மரத்துப் போகும். வெள்ளை விரல் என்று தொழில் மருத்துவத்தில் இதற்குப் பேரே உண்டு. முற்றிவிட்டால் சரியாவது கடினம். அதனால்தான் பிற்கால மிஷின்களில் கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ரப்பரோ ஸ்பிரிங்கோ வைத்தார்கள். குளிரும் சேர்ந்த நம் மலைக்கு இந்தக் கேடு இரட்டிப்பு. காது வேறு இருக்கிறது. அந்தப் பெண்ணின் அப்பா கடைசி வருடங்களில் டிவியை அலறவிட்டார் என்பது தெருவுக்கே தெரியும்.

கான்ட்ராக்டர் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, வேலைக்கு இவ்வளவு பெரிய எஞ்சின் வேண்டுமே என்றார். அதற்கும் கணக்கு இருக்கிறது. 070 கொடுப்பது ஆறரைக் குதிரைத்திறன், அதாவது 4.8 கிலோவாட். அதே கம்பெனியின் எம்.எஸ். 661க்கு 91 சிசிதான், தருவது 5.4 கிலோவாட், பார் இல்லாமல் எடை 7.4 கிலோ, பிரேக்கும் அதிர்வுத் தடுப்பும் உண்டு. புதிது விலை அதிகம்தான். ஆனால் ஆளை வைத்து மரம் சாய்ப்பவருக்கு நான் அதையோ அதற்குக் கீழே ஒன்றையோதான் சொல்வேன். 40,000 கொடுத்து 070 வாங்கி வேலையாளின் கையில் கொடுப்பவரிடம் நான் விற்க மாட்டேன், விற்கச் சொல்லவும் மாட்டேன். இன்னொன்றும் சொன்னேன்: சா வாங்குவது மரம் வெட்ட அனுமதி ஆகாது. 1955ஆம் வருட மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் நீலகிரிக்கு உண்டு, சொந்தப் பட்டா மரத்துக்கும் முன் அனுமதி வேண்டும். அது அவருக்குத் தெரிந்ததுதான். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். இப்போதும் கடைவீதியில் பார்த்தால் சிரிப்பதில்லை.

எழுதிக் கொடுத்த விலை

தாளில் மூன்று வரி எழுதினேன். வந்த நிலையில், பிரிக்காமல்: 16,000 முதல் 20,000. வேலை முடித்து, பலகை அறுக்கும் ரயில் சட்டத்தில் மாட்ட மட்டும்: 27,000. மரம் சாய்க்க: விலை இல்லை.

எப்படி வந்தது இந்தக் கணக்கு? அசல் கிரேங்க், அசல் சிலிண்டர், விரிசல் இல்லாத கேஸ் மூன்றும் தேடுகிறவருக்கு இரும்பு விலையைவிடப் பல மடங்கு பெறும். கீழ் எல்லை அங்கே நிற்கிறது. மேல் எல்லையை நிறுத்துவது காப்பி மிஷின்கள். இதே உருவத்தில் புதிதாக மலிவாகக் கிடைக்கும்போது, அசலின் மதிப்பு தெரிந்தவர் மட்டும்தான் கூடுதல் கொடுப்பார், அதற்கும் ஒரு அளவு உண்டு. நடுவில் என் செலவு: சீல், குழாய், டயாஃப்ரம், செயின், கூலி எல்லாம் சேர்த்து 6,800. பரணிலிருந்து எடுத்த பாகங்களுக்கு நான் காசு போடவில்லை. அது என் பழைய கணக்கு.

ரயில் என்று எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. கீழ்க்கோத்தகிரிப் பக்கம் மேசைப் பலகை செய்கிற ஒருவர், புயலில் விழுந்த பெரிய சில்வர் ஓக், சைப்ரஸ் கட்டைகளை அனுமதியோடு வாங்கி நீளவாக்கில் அறுக்கிறார். கட்டை மேல் ஏணி மாதிரி ஒரு சட்டத்தை வைத்து, சாவின் பாரை இரண்டு முனையிலும் கவ்விப் பிடித்து, இழுத்துக்கொண்டே போவது அந்த முறை. பாரின் மூக்கு சட்டத்துக்குள் பூட்டியிருப்பதால் எகிறுவதற்கு வழி பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது. எடையைச் சட்டம் தாங்குகிறது. நீளமான பாரை மெதுவான வேகத்தில் விடாமல் இழுக்கிற பலம்தான் அங்கே வேண்டும், 070 பிறந்ததே அதற்குத்தான் என்று தோன்றும். பழைய பெரிய சாவுக்கு இன்று ஒரு நியாயமான வேலை இருக்கிறது என்றால் என் பார்வையில் அது இது ஒன்றுதான்.

ஆனாலும் ஆபத்து போய்விடவில்லை, வேறு இடத்துக்கு மாறியிருக்கிறது. பலகை அறுக்கும்போது பத்து நிமிடம் முழு ஆக்சிலேட்டரில் ஓட வேண்டும். கலவை கொஞ்சம் வறண்டாலும் பிஸ்டன் போய்விடும். அதனால் ஊசியைத் தாராளமாகத் திறந்து வைத்தேன், டூ-டி ஆயிலை 25க்கு 1 ஊற்றச் சொன்னேன். செயினின் பற்களை நீளவாக்கில் அறுப்பதற்கென்று 10 டிகிரியில் ராவிக் கொடுத்தேன்; குறுக்கே அறுக்கும் செயினுக்கு 30 டிகிரி. செயின் பல்லைப் பற்றி ஒரு கதை உண்டு. இன்றைய எல்லாச் செயினுக்கும் மூலமான வளைந்த பல்லை அமெரிக்காவின் ஓரிகனில் ஜோசப் காக்ஸ் என்ற மரம் வெட்டி 1940களில் கண்டுபிடித்தார், மரத்தைக் குடையும் வண்டுப் புழு தன் தாடையை இடமும் வலமும் எப்படி ஓட்டுகிறது என்று பார்த்து. நம் சில்வர் ஓக் கட்டையைப் பிளந்தால் அதே மாதிரி புழு கிடைக்கும். நாம் அதை நசுக்கிவிட்டு வேலையைப் பார்க்கிறோம்.

பேரம் பேசி அந்தப் பலகைக்காரருக்கே 25,500க்கு முடிந்தது. காது மூடியும் மூக்குக்கு முகமூடியும் இல்லாமல் இயக்க மாட்டேன், இதை வைத்து நிற்கிற மரத்தைத் தொட மாட்டேன் என்று வாங்கியவரிடம் வாய்மொழியாக உறுதி வாங்கிக்கொண்டேன். சட்டப்படி அதற்கு மதிப்பில்லை என்று எனக்கும் தெரியும்.

பொங்கல் கழிந்து சோதனைக்குக் கொண்டுவந்தார். பிளக் நல்ல காப்பி நிறம். அரை பார் காற்று ஒரு நிமிடம் அசையாமல் நின்றது. ஆனால் ஐடிலில் செயின் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது, கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. பிரேக் இல்லாத மிஷினில் ஊரும் செயினை ஒருநாள்கூட விட்டு வைக்கக் கூடாது. எல்லா ஸ்பிரிங்கையும் மாற்றி, ஐடிலைக் குறைத்து, செயின் நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அனுப்பினேன்.

அதே வாரம் குன்னூர் புரோக்கர் போன் பண்ணினார். லட்சத்துக்கு ஆள் இன்னும் காத்திருக்கிறாராம், மிஷின் இருக்கிறதா என்று கேட்டார். மிஷின் போய்விட்டது, ஆனால் நீங்கள் பார்த்த அந்தப் பளபளக்கிற மூடி ஸ்டிக்கரோடு என் பரணில்தான் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.